பழைய அமெரிக்க உணவகத் தட்டைப் படிப்பது எப்படி: முத்திரையிலிருந்து உணவகத்தின் வரலாறு வரை

அமெரிக்காவின் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் கைக்கு வரும் கனமான பீங்கான் தட்டு ஒன்றில் உணவகத்தின் பெயரோ சின்னமோ இருந்தால், அது எந்த உணவகம் என்று தேடத் தொடங்குவதே எல்லோருக்கும் இயல்பாக இருக்கிறது. அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்பதுதான் நல்லது. தட்டை யார் செய்தார்கள், எந்த ஆண்டில் செய்தார்கள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளாமல் பெயரைப் பின்தொடர்ந்தால், ஒரே பெயரில் பல ஊர்களில் பல காலங்களில் இயங்கிய உணவகங்களுக்கு நடுவே வழி தவறிவிடும். ‘பேலஸ் கஃபே’ போன்ற பெயர் கொண்ட உணவகம் ஒரு காலத்தில் அநேகமாக ஒவ்வொரு நகரத்திலும் இருந்தது. ஆகவே தட்டைக் கையில் எடுத்ததும் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

கவிழ்ப்பதற்கு முன், அது உண்மையிலேயே உணவகப் பயன்பாட்டுக்காகச் செய்த பீங்கான்தானா என்பதைக் கவனிக்கலாம். ஒரு நாளைக்குப் பலமுறை கழுவப்பட்டு, அடுக்கப்பட்டு, தட்டுகளோடும் கரண்டிகளோடும் மோதுவதைத் தாங்க வேண்டியிருந்ததால், இத்தகைய பீங்கானின் மண்கலவை நுண்துளைகள் மூடிப்போகும் அளவுக்கு உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டது. அதனால் அது நீரை அநேகமாக உறிஞ்சுவதில்லை. விளிம்பில் சிறிது உடைந்தாலும் உடைந்த இடத்தில் கறை உள்ளே ஊறுவதில்லை. வீட்டு உபயோகத்திற்கான சாதாரண மண்பாண்டத் தட்டோ சில ஆண்டுகளிலேயே மெருகு (மேலே பூசிச் சுட்ட கண்ணாடி போன்ற பூச்சு) முழுவதும் வலைபோல் விரிசல் கண்டு, அந்த விரிசல்கள் வழியே பழுப்பேறிவிடும். தட்டின் அடிவளையத்தில் மெருகு இல்லாத பகுதி இருந்தால் அங்கே ஒரு துளி நீர் வைத்துப் பாருங்கள். நீர் அப்படியே நின்றால் உணவகப் பீங்கானாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே உள்ளிழுக்கப்பட்டால் அது வேறு வகை. விரல் நுனியால் தட்டினால் எழும் தெளிவான ஓசை, உள்ளே மறைந்திருக்கும் விரிசல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும். தடித்த, உருட்டிவிட்டதுபோன்ற விளிம்பும் நல்ல அடையாளமே. ஆனால் எல்லா உணவகத் தட்டுகளும் தடிமனானவை அல்ல. உயர்தர ஓட்டல்கள் மெல்லிய பீங்கானையும் வாங்கின.

இனி அடிமுத்திரை. அமெரிக்க உணவகப் பீங்கானில் பெரும்பகுதி சில மாநிலங்களில் இருந்த சில ஆலைகளிலிருந்தே வந்தது என்பது தேடுபவருக்கு ஒரு வசதி. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் 1871இல் தொடங்கிய ஒனண்டாகா பாட்டரி நிறுவனம், பஃபலோ நகரில் லார்க்கின் சோப்பு நிறுவனம் 1901இல் நிறுவிய பஃபலோ பாட்டரி, பென்சில்வேனியாவின் நியூ காசில் நகரில் இருந்த ஷெனாங்கோ, பீவர் ஃபால்ஸில் இருந்த மேயர், ஒஹாயோவின் வெல்ஸ்வில்லில் இருந்த ஸ்டெர்லிங், நியூ ஜெர்சியின் டிரென்டனில் இருந்த ஸ்கேமல், மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டனில் இருந்த கார், கலிஃபோர்னியாவில் வாலஸ், டெப்கோ ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். இவற்றில் சில ஆலைகளின் ஆயுட்காலமே தட்டின் வயதுக்கு எல்லை வகுத்துவிடுகிறது. கார் நிறுவனம் 1916 முதல் 1952 வரையிலும், வாலஸ் 1931 முதல் 1964 வரையிலும் இயங்கின. எல் செரிட்டோவில் இருந்த டெப்கோ 1968இல் மூடப்பட்டது. எனவே அடியில் வாலஸ் முத்திரை உள்ள தட்டை 1920களின் உணவகத்தோடு யார் இணைத்துக் காட்டினாலும், வேறு ஆராய்ச்சி செய்யாமலேயே அதை மறுத்துவிடலாம்.

முத்திரையில் உள்ள சில சொற்கள் ஆலையின் பெயர்களும் அல்ல, உணவகத்தின் பெயர்களும் அல்ல. ‘இன்கா வேர்’ என்பது ஷெனாங்கோ தன் சரக்குக்குச் சூட்டிய வணிகப் பெயர். ‘எகோனோ-ரிம்’ என்பது சிரக்யூஸ் ஆலையின் குறுகிய விளிம்பு கொண்ட வடிவம். இடம் குறைவாக உள்ள மேசைகளுக்கு ஏற்றது. ‘லாம்பர்டன்’ என்பது ஸ்கேமல் பயன்படுத்திய பெயர். பானை வனையும் செவ்விந்தியர் ஒருவர் அமர்ந்திருக்கும் படம் ஷெனாங்கோவின் ஆலைச் சின்னம். அதைப் பார்த்து மேற்குப் பகுதியின் ஏதோ ஓர் உணவகத்தின் தட்டு என்று முடிவுகட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதேபோல் ‘ஓ.பி.கோ.’ என்ற எழுத்துகள் ஒனண்டாகா பாட்டரியின் சுருக்கம். அந்நிறுவனம் 1966இல்தான் சிரக்யூஸ் சைனா என்று தன் பெயரை முறைப்படி மாற்றிக்கொண்டது என்பதால், அந்த எழுத்துகள் உள்ள தட்டைப் பொதுவாக அதற்கு முந்தியதாகக் கொள்ளலாம்.

பெயருக்கு அருகில் சிறிய எண்களும் எழுத்துகளும் இருந்தால் அவற்றைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். சிரக்யூஸ் ஆலை தன் சரக்கில் ஆண்டுக் குறியீடுகளைத் தொடர்ந்து இட்டு வந்தது; காலந்தோறும் அந்த முறை மாறியதால், சேகரிப்பாளர்கள் தொகுத்த அட்டவணைகளோடு ஒப்பிட்டே அவற்றைப் படிக்க முடியும். அவற்றில் எளிதானது 1960களின் முறை: ஓர் எண், ஒரு சிறு கோடு, ஓர் ஆங்கில எழுத்து. அந்த எண் நிறுவனம் தொடங்கிய 1871ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடப்பட்டது. ஆகவே ‘97-ஜே’ என்று இருந்தால் 1871உடன் 97ஐக் கூட்டி 1968 என்று அறியலாம். வேறு பல ஆலைகளும் தமக்கெனக் குறியீடுகள் வைத்திருந்தன. ஓர் ஆலையின் அட்டவணையைக் கொண்டு இன்னோர் ஆலையின் தட்டைப் படிக்கக் கூடாது.

மூன்றாவதாக ஒரு பெயரும் அடியில் இருக்கக்கூடும். என் கணிப்பில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் தடயம் அதுதான். உணவகங்கள் பெரும்பாலும் ஆலையிடம் நேரடியாக வாங்கவில்லை. பாத்திரம், மேசை, அடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து விற்ற உணவகப் பொருள் விநியோகஸ்தர்களிடம் வாங்கின. சிகாகோவின் ஆல்பர்ட் பிக், நியூயார்க்கின் நேதன் ஸ்ட்ராஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் டோர்மன் போன்றவர்கள் தங்கள் பெயரையும் தட்டின் அடியில் அச்சிடச் செய்தார்கள். முகப்பில் ஊர் பெயர் இல்லாதபோது, விநியோகஸ்தரின் ஊர் தேடலை நாட்டின் ஒரு பகுதிக்குள் சுருக்கிவிடும். பெரிய விநியோகஸ்தர்கள் தொலைதூரத்துக்கும் விற்றார்கள் என்பதால் அது சாட்சியம் ஆகாது. தேடலை எங்கிருந்து தொடங்கலாம் என்பதை மட்டும் அது காட்டும்.

ஆண்டு கிடைத்தவுடன் செய்யப்படும் பிழை ஒன்று உண்டு: அதை உணவகம் திறந்த ஆண்டாகக் கொள்வது. தட்டுகள் உடைந்துகொண்டே இருந்ததால் உணவகங்கள் அதே வடிவத்தை மீண்டும் மீண்டும் வாங்கின. ஆலைகளும் அந்தந்த வாடிக்கையாளரின் வடிவத்தைப் பாதுகாத்து வைத்திருந்தன. 1915இல் வரையப்பட்ட ஒரு சின்னம் 1950இல் செய்த தட்டில் இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை. தட்டின் ஆண்டு சொல்வது இவ்வளவுதான்: அந்த ஆண்டிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ அந்த உணவகம் தட்டு வாங்கும் நிலையில் இயங்கிக்கொண்டிருந்தது. இந்த அடக்கமான தகவல்தான் அடுத்த கட்டத் தேடலுக்கு உறுதியான பிடியைத் தருகிறது.

டெல்மோனிகோஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த டெல்மோனிகோ சகோதரர்கள் 1827இல் நியூயார்க்கில் சிறு கடையாகத் தொடங்கிய தொழில், அமெரிக்காவின் முதல் பெரும் உணவகமாக வளர்ந்து, மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் 1923இல் முடிவுக்கு வந்தது. மது விற்பனையை நம்பியிருந்த உயர்தர உணவகங்கள் பலவற்றை 1920 முதல் 1933 வரையிலான அந்தச் சட்டம் முடக்கியது. அந்த இடத்தை எளிய உணவு விடுதிகளும் தேநீர் அறைகளும் பிடித்தன. பின்னர் வேறோர் உரிமையாளர் பீவர் தெருவில் இருந்த பழைய கட்டடத்திலேயே அதே பெயரில் உணவகம் நடத்தினார். ஆகவே டெல்மோனிகோஸ் பெயர் தாங்கிய தட்டின் அடியில் 1950களின் குறியீடு இருந்தால், பெயரும் கட்டடமும் ஒன்றாக இருந்தாலும் அது அந்தக் குடும்பத்தின் உணவகத்துத் தட்டு அல்ல.

இப்போது முகப்புக்கு வரலாம். அலங்காரம் மெருகுக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அறியலாம். அடியில் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் வழுவழுப்பாக, தேயாமல் இருக்கும். மேலே ஒட்டிச் சுட்டது விரல் நுனிக்கு லேசாகத் தட்டுப்படும், கத்தி பட்ட இடங்களில் தேய்ந்திருக்கும். போலிகளைக் கண்டுபிடிப்பதற்கும் இதுவே வழி. பழைய வெறுந்தட்டை வாங்கி அதன்மேல் புகழ்பெற்ற உணவகத்தின் சின்னத்தை ஒட்டிச் சுட்டு விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தட்டில் அடிமுத்திரை உண்மையானதாகவே இருக்கும். ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பல ஆண்டுகள் கத்தி கீறிய கோடுகள் படத்துக்குக் கீழே ஓடுவது தெரியும். உண்மையான தட்டில் கீறல்கள் படத்தின் மேலேதான் ஓட வேண்டும்.

கூன் சிக்கன் இன் என்ற உணவகத்தின் பெயரில் இப்படிப் போலிகள் ஏராளமாக உலவுகின்றன. 1925இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கி, பின்னர் சியாட்டில், போர்ட்லாந்து நகரங்களிலும் கிளை கண்ட அது, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பெயராகவும் இழிவான கேலிமுகத்தைச் சின்னமாகவும் கொண்டிருந்தது. இத்தகைய பொருளை வரலாற்று ஆவணமாகப் பாதுகாப்பதற்கும் சுவரில் அழகுக்காக மாட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. வாங்குபவர் எதைச் செய்கிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாப் பிற்காலப் பிரதிகளும் ஏமாற்று வேலை அல்ல. பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில் நிறுவனம் 1927இல் தன் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட நீலத் தட்டுகளை முதலில் ஸ்கேமல் ஆலை செய்தது. பின்னர் வேறு ஆலைகளும் செய்தன, நினைவுப் பொருளாக விற்கும் மறுபதிப்புகளும் வந்தன. சான்டா ஃபே ரயிலின் ‘மிம்பிரேனியோ’ தட்டுகளின் கதையும் இதுதான். அவற்றை வடிவமைத்த மேரி கோல்டர் ஒரு கட்டடக் கலைஞர். நியூ மெக்சிகோவின் தொன்மையான மிம்பிரஸ் மக்களின் மட்கலங்களில் இருந்த விலங்குகளையும் பறவைகளையும் எடுத்து, 1936இல் ஓடத் தொடங்கிய சூப்பர் சீஃப் ரயிலின் உணவுப்பெட்டிக்காக 37 உருவங்களை அமைத்தார். பழைய சிரக்யூஸ் தயாரிப்புகள் பலவற்றின் அடியில் சான்டா ஃபே உணவுப்பெட்டிச் சேவைக்கென்றே செய்யப்பட்டது என்ற வாசகம் இருக்கிறது. மறுபதிப்புகளில் வேறு நிறுவனத்தின் முத்திரை இருக்கும் என்பதால், இங்கும் அடியைப் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.

பெயரே இல்லாத தட்டுகளைப் பற்றி ஒரு சொல். பச்சைக் கோடு ஒன்று மட்டும் ஓடும் வெள்ளைத் தட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொது வடிவம். ‘இன்ன ஓட்டலிலிருந்து வந்தது’ என்று விற்பவர் சொல்வதற்குப் புகைப்படமோ ரசீதோ இல்லையென்றால் அதற்கு மதிப்பு இல்லை. வாலஸ் ஆலைக்காக டில் குடன் என்ற ஓவியர் 1940களில் வரைந்த மாட்டுக்காரர் படத் தட்டுகளும், அவ்வளவு தடிமனாக இருந்தும், வீட்டுத் தோட்ட விருந்துகளுக்காகவும் விற்கப்பட்டவை. உணவகப் பீங்கான் எல்லாம் உணவகத்தில் இருந்ததாகக் கொள்ள முடியாது.

பெயர், ஊர், தோராயமான ஆண்டு ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகு உணவகத்தைத் தேடுவது பெரும்பாலும் பொறுமையின் வேலை. முதலில் அந்த நகரத்தின் அக்கால முகவரி நூல்களைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த அவற்றில் உணவகங்கள் தொழில்வாரியாகவும் உரிமையாளர் பெயரோடும் இருக்கும். தட்டின் ஆண்டில் தொடங்கி முன்னும் பின்னுமாக நகர்ந்தால், பெயர் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று தெரியும். முகவரி கிடைத்ததும், தீக்காப்பீட்டுக்காக வரையப்பட்ட சான்பார்ன் வரைபடங்களில் அந்தக் கட்டடத்தைக் காணலாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் அவற்றில் பெரும் தொகுதியை இணையத்தில் வைத்துள்ளது. அதே நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் திறப்பு விளம்பரம், தீவிபத்துச் செய்தி, உரிமையாளரின் மரண அறிவிப்பு ஆகியவை கிடைக்கக்கூடும். நியூயார்க் பொது நூலகத்தின் உணவுப் பட்டியல் தொகுப்பையும் தவறவிடக் கூடாது. ஃபிராங்க் பட்டல்ஃப் என்ற பெண்மணி 1900இல் அந்த நூலகத்துக்காகத் திரட்டத் தொடங்கியவை அதன் மையம். பட்டியலின் தலைப்பில் அச்சிட்ட சின்னமும் தட்டின் சின்னமும் பொருந்தினால் அதைவிடச் சிறந்த சான்று அரிது.

அஞ்சலட்டைகள் இன்னொரு வழி. சாலையோர உணவகங்கள் தம் படத்தை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தன. அவற்றைப் பெருமளவில் அச்சிட்ட சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் அட்டையிலேயே ஆண்டைக் குறித்தது. வரிசை எண்ணின் தொடக்கத்தில் உள்ள இலக்கம் பத்தாண்டுக்குள் எந்த ஆண்டு என்பதையும், அடுத்த எழுத்து எந்தப் பத்தாண்டு என்பதையும் காட்டும்: ‘ஏ’ 1930கள், ‘பி’ 1940கள், ‘சி’ 1950கள். ‘5ஏ’ என்று தொடங்கினால் அந்த அட்டை 1935இல் அச்சானது. உணவகத்தின் பெயர் அச்சிட்ட தீப்பெட்டி அட்டைகளில் உள்ள முகவரியும் உதவும். நகரப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது, ஐந்து இலக்க எண் இருந்தால் 1963க்குப் பிந்தியது.

சில உணவகங்கள் இந்த வழக்கமான ஆவணங்களில் எளிதில் அகப்படுவதில்லை. கறுப்பினப் பயணிகளை மரியாதையோடு ஏற்ற உணவகங்களையும் விடுதிகளையும் கண்டறிய, அஞ்சல் ஊழியரான விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட ‘கிரீன் புக்’ வழிகாட்டி இன்று முதன்மையான சான்று. அதன் பல பதிப்புகளை நியூயார்க் பொது நூலகம் மின்வடிவில் தந்துள்ளது. சீன உணவகங்களின் தட்டுகளும் தனிக் கவனம் வேண்டுபவை. 1882இன் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடுத்தது. ஆனால் வணிகர்களுக்கு அனுமதி இருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் வணிகர் வகையில் சேர்க்க வழிசெய்தது. பலர் பங்குதாரர்களாகச் சேர்ந்து உணவகம் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். ஆகவே அத்தகைய தட்டின் பின்னே ஒற்றை உரிமையாளரைத் தேடுவதைவிட, பங்குதாரர்களின் பெயர்கள் உள்ள குடியேற்றத் துறைக் கோப்புகளைத் தேடுவது பயன் தரலாம்.

சங்கிலி உணவகங்களில் தேடலின் தன்மையே மாறுகிறது. ஃபிரெட் ஹார்வி 1876இல் கான்சஸின் டொபீகா ரயில் நிலையத்தில் தொடங்கிய உணவு விடுதி, சான்டா ஃபே பாதை நெடுகப் பரவியது. ஓக்லஹோமா சிட்டியில் 1936இல் பிறந்த ‘சிக்கன் இன் தி ரஃப்’, உடைந்த கோல்ஃப் மட்டையைப் பிடித்த சேவலின் படத்தோடு உரிமம் பெற்ற பல உணவகங்களுக்குச் சென்றது. இவற்றின் தட்டைப் பார்த்து எந்த ஊர்க் கிளை என்று சொல்வது பெரும்பாலும் இயலாது. அங்கே நிறுவனத்தின் வரலாற்றோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது மூன்று வகையாகப் பிரியுங்கள்: தட்டிலேயே அச்சிட்டிருப்பது, ஆவணத்தில் கண்டது, ஊகித்தது. முகப்பையும் அடியையும் அளவுகோலோடு படமெடுங்கள். வாங்கிய இடத்தையும் குறியுங்கள். அந்தந்த ஊரின் வரலாற்றுச் சங்கங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

தட்டில் தெரியும் சாம்பல் நிறக் கோடுகள் பல நேரங்களில் கீறல்களே அல்ல, கரண்டி விட்டுச் சென்ற உலோகத் தடங்கள். ஆக்சாலிக் அமிலம் கலந்த துலக்குத் தூளை ஈரத் துணியில் எடுத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். மெருகுக்கு மேல் வண்ணமோ பொன் கோடோ உள்ள இடத்தில் அதைத் தொட வேண்டாம். வெளுப்புத் திரவத்தில் ஊறவைத்தால் அது விரிசல் வழியே புகுந்து மெருகைப் பெயர்க்கக்கூடும். உணவு பரிமாற நினைத்தால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பீங்கானிலிருந்து ஈயம் கசிவதற்கான வரம்புகளை அமெரிக்க அரசு 1970களின் தொடக்கத்தில்தான் வகுத்தது, அதற்கு முந்திய தட்டுகளில், குறிப்பாக மெருகுக்கு மேல் பளிச்சென்ற வண்ணம் தீட்டியவற்றில், புளிப்பான உணவை வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. அடுக்கி வைப்பதானால், மெருகு இல்லாத அடிவளையம் கீழுள்ள தட்டின் முகத்தைக் கீறிவிடாதபடி, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே மெல்லிய துணியோ அமிலமற்ற தாளோ வைக்க வேண்டும்.